முகமூடிக்குள் நாற்பது நிமிடம்

மேட்டுச் சாலையின் பாதியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்ட பம்பரத்தை நான்கு நாட்களாக வீட்டில் யாரும் திட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

திட்ட வேண்டியதையெல்லாம் அண்ணன் அங்கேயே திட்டி முடித்திருந்தான். குழுவிலிருந்த மற்ற மூன்று பெண்களும் கேட்கும்படி, "மனசு இல்லாதவளுக்குச் சைக்கிள் எதுக்கு?" என்றான். பயிற்சியாளராகச் சொன்னானா, அண்ணனாகச் சொன்னானா என்பது அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. பயிற்சியாளர் என்றால் பொறுத்துக்கொள்ளலாம்.

நான்கு நாள் பந்தயத்துக்குப் போகிறவர்களின் பட்டியலை இன்று மாலை ஆறு மணிக்குள் அவன் அனுப்ப வேண்டும். இருப்பது நான்கு பேர். போகக்கூடியவர்கள் மூன்று பேர்தான். விடிந்ததும் எழுந்து காலணி மாட்டிக்கொண்டு அவன் சைக்கிள் மன்றத்துக்குக் கிளம்பிப் போனபோது அவள் கண்ணை மூடிக்கொண்டே படுத்திருந்தாள்.

கதவு மறுபடி திறந்தது. அண்ணி.

"எழுந்திரு. ஒண்ணும் சாப்பிடாம என்கூட வா."

"எங்க அண்ணி?"

"என் வேலை இடத்துக்கு."

"நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருக்கறவ மாடி ஏறும்போது மூணாவது படியில நிக்க மாட்டா. நேத்து செருப்பு வாரைச் சரி பண்ற மாதிரி குனிஞ்சு நின்னே. உன் செருப்புல வாரே கிடையாது."

பம்பரம் எழுந்தாள்.

அண்ணி இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருடமாகிறது. மருத்துவமனையின் ஆறாவது மாடியில், உடற்பயிற்சிச் சோதனைக் கூடத்தில் வேலை. இதய அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள் என்று பலரையும் நடக்க வைத்து, மிதிக்க வைத்து, அவர்கள் விடும் மூச்சை அளப்பாள். அளக்காத எதையும் நம்ப மாட்டாள் என்று அண்ணன் கேலி செய்வான். பெருமையாகத்தான் செய்வான்.

கூடத்தில் ஒரு கட்டில், ஒரு நிலைச் சைக்கிள், குளிர்சாதனப் பெட்டி உயரத்துக்கு ஒரு கருவி. அதைப் போட்டுவிட்டு, அது சூடாவதற்கு அரை மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு அண்ணி முழங்கை நீளத்துக்கு ஒரு சிரிஞ்சை எடுத்துக் குழாயில் பொருத்தி, இழுத்துத் தள்ளி, இழுத்துத் தள்ளி, திரையைப் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"இதுக்குள்ள சரியா மூணு லிட்டர் காத்து இருக்கு. கருவியும் மூணுன்னு சொல்லணும். சரக்கு வைக்கறதுக்கு முன்னாடி தராசு முள்ளு நேரா நிக்குதான்னு பாக்க வேண்டாமா?"

"தினமும் பாப்பீங்களா?"

"ஒவ்வொரு ஆளுக்கும் பாப்பேன்."

முதலில் படுக்க வைத்தாள். மூக்கையும் வாயையும் மூடும் ரப்பர் முகமூடி. அதன் வாயை உள்ளங்கையால் அடைத்து, ஓரங்களில் காற்று கசிகிறதா என்று கன்னத்தருகே விரல் வைத்துப் பார்த்தாள். இருபது நிமிடம் பேசாமல், தூங்காமல் படுத்திருக்கச் சொன்னாள். சும்மா இருக்கும்போது உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்று தெரிய வேண்டுமாம்.

முடிந்ததும் திரையைப் பார்த்தாள். நாற்காலியைக் கட்டில் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மாசாமாசம் ஒழுங்கா வருதா?"

பம்பரம் கூரையைப் பார்த்தாள். "மூணு மாசமா இல்ல. கடுமையா பயிற்சி பண்ணா அப்படித்தான்னு எங்கயோ படிச்சேன்."

"படிச்சதை வீட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நிறுத்திடுவீங்க."

அண்ணி தலையசைத்தாள். கோபமில்லை. "உன் உயரத்துக்கும் எடைக்கும் சும்மா படுத்திருந்தாலே ஒரு நாளைக்கு ஆயிரத்து முன்னூறு கலோரி எரியணும். ஆயிரத்து எழுபதுதான் எரியுது. வீட்டுல எல்லா விளக்கையும் அணைச்சுட்டு ஒரே ஒரு பல்பைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு உன் உடம்பு. டாக்டரைப் பாக்கணும். அடுத்த வாரத்துக்கு நான் நேரம் வாங்குறேன். இப்ப இதைச் சாப்பிடு."

இரண்டு வாழைப்பழம், வெண்ணெய் தடவிய ரொட்டி. பம்பரம் ஒரு பழத்தைச் சாப்பிட்டாள், ரொட்டியைப் பாதியாகப் பிய்த்தாள், மீதியைத் தாளில் மடித்தாள். மடித்த பிறகுதான் தன் கை என்ன செய்கிறது என்று கவனித்தாள்.

"அதையும்," என்றாள் அண்ணி.

ஒரு மணி நேரம் கழித்து நிலைச் சைக்கிளில் ஏறினாள். நெஞ்சைச் சுற்றி இதயத் துடிப்பைப் பிடிக்கும் பட்டை. இடது மணிக்கட்டில் வழக்கமான கடிகாரம். அதைக் கழற்ற வேண்டாம் என்று அண்ணியே சொல்லிவிட்டாள்.

"மேடு இல்லாத ரோட்டுல தினமும் எப்படிப் போவியோ அதே மாதிரி மிதி. வீரம் காட்டாதே. பேச முடியாது. கட்டை விரல் மேல தூக்கினா சரி. கீழ காட்டினா நிறுத்திடுறேன். நாப்பது நிமிஷம்."

மிதிக்கத் தொடங்கினாள்.

சாலையில் காற்று அடிக்கும். லாரி போகும். முன்னால் போகிறவளின் சங்கிலி கரகரக்கும். இங்கே அவளுடைய மூச்சைத் தவிர வேறு சத்தமே இல்லை. இத்தனை பெரிய சத்தத்தோடா தினமும் ஓட்டிக்கொண்டிருந்தோம் என்று ஆச்சரியமாக இருந்தது. எச்சில் முகமூடிக்குள் திரண்டு தாடையில் வழிந்தது. துடைக்க முடியவில்லை. பத்தாவது நிமிடத்தில் அதைப் பற்றிய வெட்கம் போய்விட்டது.

முப்பதாவது நிமிடத்தில் அது வந்தது. மேட்டுச் சாலையில் வந்த அதே ஓய்ச்சல். தொடைக்குள் யாரோ குழாயை மூடியதுபோல. அன்று அதைச் சோம்பல் என்று நினைத்துத் தன்னையே வைதுகொண்டாள். இன்று எதிரில் திரையில் கோடு ஏறிக்கொண்டே இருந்தது. கால்கள் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. கேட்டதைக் கொடுக்கத்தான் உள்ளே ஏதும் இல்லை.

அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள். பம்பரம் கட்டை விரலை மேலே தூக்கினாள்.

நாற்பது நிமிடம் முடிந்ததும் முகமூடியைக் கழற்றி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். இருநூற்று அறுபத்திரண்டு கலோரி என்றது.

"இங்க பாரு," என்று அண்ணி திரையைத் திருப்பினாள்.

முன்னூற்றுத் தொண்ணூற்று ஒன்று.

"எப்படி அண்ணி இவ்வளவு வித்தியாசம்?"

"உடம்பு ஒரு லிட்டர் ஆக்ஸிஜனைச் செலவு பண்ணா சுமாரா அஞ்சு கலோரி எரிஞ்சிருக்குன்னு அர்த்தம். நீ நாப்பது நிமிஷத்துல எழுபத்தெட்டு லிட்டர் இழுத்திருக்கே. இது உன் மூச்சு. கடிகாரம் மூச்சைப் பாக்கல. தோல் மேல வெளிச்சம் அடிச்சு ரத்தத் துடிப்பைப் பாக்குது, கை ஆடறதைப் பாக்குது. அப்புறம் வயசு, எடை, உயரத்தை வச்சு ஊகிக்குது. சைக்கிள்ல கை எங்க ஆடுது? கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சா துடிப்பும் ஒழுங்கா தெரியாது. நெஞ்சுப் பட்டை நூத்தி நாப்பத்தெட்டுன்னு சொல்லும்போது உன் கடிகாரம் நூத்தி இருபத்தொண்ணுன்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு."

"அப்ப கடிகாரம் எப்பவும் குறைச்சுத்தான் காட்டுமா?"

"அதான் இல்ல. வேற ஆளுக்கு, வேற வேலைக்கு, இதே கடிகாரம் கூட்டியும் காட்டும். என் கருவியும் நூத்துக்கு நூறு கிடையாது, நாலஞ்சு முன்னப் பின்ன இருக்கும். ஆனா நூத்தி முப்பது பிசகாது."

பம்பரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எனக்கு மனசு இருந்திருக்கு," என்றாள், மெதுவாக.

அண்ணி அவள் தலையில் கை வைத்தாள். "மனசை வச்சுத்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கே. வேற எதுவும் இருந்ததா தெரியல."

இருவரும் சிரித்தார்கள். அப்போதுதான் பம்பரம் சொன்னாள்: "அண்ணன் நோட்டுல இது இன்னும் கம்மியா இருக்கும்."

"கம்மின்னா?"

"கடிகாரம் சொல்றதுல கால் பங்கு கழிச்சுத்தான் எழுதுவான். அந்த அளவுக்குத்தான் சாப்பாடு. கடிகாரம் எல்லாம் கூட்டித்தான் காட்டுமாம், நம்பிக்கையான இடத்துல கேட்டேன்னு சொன்னான்."

அண்ணியின் கை கருவியின் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தது. பாதியில் நின்றது. பிறகு கழற்றி முடித்தது.

இருநூற்று அறுபத்திரண்டில் கால் பங்கு போனால் நூற்றுத் தொண்ணூற்றேழு. உண்மையில் எரிந்ததில் பாதி. யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதுவும் எண்ணிப் போட்ட பொரி.

மூன்று மணி வரை அண்ணிக்கு நோயாளிகள் இருந்தார்கள். பம்பரம் கேண்டீனில் முட்டையும் ரொட்டியும் பாலும் சாப்பிட்டுவிட்டு, காத்திருப்போர் பெஞ்சிலேயே உட்கார்ந்து தூங்கினாள். பேருந்தில் திரும்பும்போது அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள்.

அண்ணிக்கு நினைவு வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கட்டில் நிறையத் துவைத்த துணி. கணவன் வாசலில் நின்று, "இந்தக் கடிகாரம் காட்டுற கலோரியை நம்பலாமா?" என்று கேட்டான். அவள் நிமிராமலே பதில் சொன்னாள்.

மன்றம் என்பது தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. சுவரில் சக்கரங்கள் தொங்கும். தரையில் எண்ணெய்க் கறை. அண்ணன் ஒரு சக்கரத்தைச் சுழல விட்டு, கோணலைக் காதால் கேட்டுக் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தான். மற்ற மூன்று பெண்களும் பயிற்சியிலிருந்து இன்னும் திரும்பவில்லை.

அண்ணி காகிதத்தை அவன் முன்னால் வைத்தாள். அவன் படித்தான். மறுபடி படித்தான்.

"கருவி தப்பா இருக்கும்."

"காலையில நானே முள்ளு பாத்தேன்."

"ஒரு நாள் சோதனையை வச்சு எப்படிச் சொல்ல முடியும்? ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும்."

"அவ எடை எங்கேயும் கூடலையே. பதினோரு வாரத்துல அஞ்சு கிலோ குறைஞ்சிருக்கா."

"குறையத்தான் வேணும். மேட்டுல ஒவ்வொரு கிலோவும் இழுக்கும். உனக்குத் தெரியாததா?"

"அந்த அஞ்சு கிலோவுல எவ்வளவு அவ கால் சதையிலருந்து போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவன் முகம் சிவந்தது. அலமாரியிலிருந்து தடித்த நோட்டை எடுத்து மேசையில் போட்டான். "நான் ஏனோதானோன்னு செய்யல. பதினோரு வாரம், ஒரு நாள் விடாம எழுதியிருக்கேன். ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லுவாங்க. வயித்துல போடறதை அளக்காம விடுவேனா? கால் பங்கு கழிச்சதுகூட நானா கழிக்கல. கேட்டுத்தான் கழிச்சேன். யாரைக் கேட்டேன்னு தெரியுமா?"

சொல்லிவிட்டு நின்றுவிட்டான். அவன் பார்வை மனைவியின் முகத்தில் பட்டு, தங்கையிடம் போய், தரையில் விழுந்தது. நோட்டை மூடினான்.

"யாரோ சொன்னாங்க. விடு."

"நான்தான் சொன்னேன்," என்றாள் அண்ணி.

பம்பரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"துணி மடிச்சுக்கிட்டே சொன்னேன். கால் பங்கு கூடக் காட்டும்னு. நான் சொன்னது என் நோயாளிங்களைப் பத்தி. டிரெட்மில்ல கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா நடக்கறவங்க. அவங்களுக்கு அது சரி. நீங்க யாருக்குன்னு சொல்லல. நான் எதுக்குன்னு கேக்கல. ஒவ்வொரு ஆளுக்கும் முள்ளு பாக்கறவ நான். அன்னிக்குப் பாக்கல."

"நீ சொன்னா சரியா இருக்கும்னு..." என்று இழுத்தான் அவன்.

"தெரியும். அதான் பயமா இருக்கு."

சுழல விட்ட சக்கரம் தானாக நின்றது. அவன் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியில் உட்கார்ந்தான். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தான், துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"ஒரு நாள் இவ தட்டுலருந்து ரொட்டியை எடுத்தேன்," என்றான். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. "சிரிச்சுக்கிட்டே எடுத்தேன். இவளும் சிரிச்சா."

"எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு அண்ணா," என்றாள் பம்பரம். "நீ எழுதினதை நானும் நம்பினேன். பசிச்சா நான் சரியா பயிற்சி பண்ணலைன்னு நினைச்சுக்குவேன்."

அவன் சட்டென்று எழுந்து செல்பேசியை எடுத்தான். "இன்னும் நேரம் இருக்கு. உன் பேரைப் போடுறேன். பந்தயத்துக்கு ரெண்டு வாரம் இருக்கு, நல்லா சாப்பிட்டா..."

"போடாதே."

"ஏன்?"

"பாவம் பாத்துப் போடற பேரு எனக்கு வேணாம். ரெண்டு வாரத்துல திரும்பி வர உடம்பா இது? ரெண்டாம் நாளே ரோட்டோரம் உக்காந்துடுவேன். அப்ப யாரைத் திட்டுவே?"

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி பம்பரத்தின் பக்கம் கை காட்டினாள். இது அவள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இல்லை.

பம்பரத்துக்கே தன் குரல் புதிதாக இருந்தது. நான்கு நாட்களாகத் தொண்டையில் நின்றது வரிசை கட்டி வந்தது.

"டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் நான் ஓட்டல. அதுக்கப்புறம் அந்த மேட்டுல உன் முன்னாடி ஓட்டிக் காட்டுறேன், அப்ப என் பேரை எழுது. நெஞ்சுப் பட்டை வாங்கிக்கிறேன். அண்ணி என் மூச்சை வச்சு எனக்குன்னு ஒரு பட்டியல் போட்டுத் தரட்டும், எந்தத் துடிப்புக்கு எவ்வளவு எரியுதுன்னு. சைக்கிளை நீ பாரு, வேகத்தை நீ பாரு. என் தட்டை நீ பாக்க வேணாம்."

"சரி."

"இன்னொண்ணு. ரோட்டுல நீ சொன்னதை யாரு முன்னாடி சொன்னியோ அவங்க முன்னாடியே திரும்ப வாங்கிக்கோ."

அவன் தங்கையைப் பார்த்தான். அவள் சைக்கிள் கற்றுக்கொண்டபோது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவன் அவன். கையை விட்ட பிறகும் பிடித்திருப்பதாகப் பொய் சொல்லிக்கொண்டே ஓடியவன்.

"வாங்கிக்கிறேன்," என்றான்.

ஐந்தரை மணிக்கு மூன்று சைக்கிள்களும் கொட்டகைக்குள் வந்தன. முன்னால் வந்தவள் நெட்டை. குழுவிலேயே உயரமானவள், மேடு ஏறுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மூவரும் பம்பரத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

"உக்காருங்க," என்றான் அண்ணன். அவர்கள் உட்காரவில்லை. அவனும் வற்புறுத்தவில்லை.

"அன்னிக்கு ரோட்டுல இவளுக்கு மனசு இல்லேன்னு சொன்னேன். தப்பு. இவ எரிச்சதுல பாதிக்குத்தான் நான் சாப்பிட விட்டிருக்கேன். அந்தப் பாதியை வச்சுக்கிட்டு அந்த மேட்டுல பாதி தூரம் ஏறியிருக்கா. உங்க எல்லார் முன்னாடியும் சொன்னதை உங்க எல்லார் முன்னாடியும் திரும்ப எடுத்துக்கறேன்."

எழுதி வைத்துப் படித்ததுபோல இல்லை. குரல் ஓரிடத்தில் தடுக்கியது. அவன் அதை மறைக்கவும் இல்லை. பம்பரம் தலையசைத்தாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் முதுகு நிமிர்ந்தது.

அவன் மூன்று பெயர்களைத் தட்டெழுதி அனுப்பினான். இரண்டு பெண்கள் பையை எடுத்துக்கொண்டு, பம்பரத்தின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

நெட்டை போகவில்லை. சங்கிலியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"அண்ணே."

"சொல்லு."

"உங்க நோட்டுல எனக்கும் ஒரு பகுதி இருக்குல்ல?"

"நாலு பேருக்கும் இருக்கு."

"அதுலயும் கால் பங்கு கழிச்சுத்தான் எழுதியிருக்கீங்களா?"

அண்ணன் நோட்டின் மேல் கை வைத்தான். திறக்கவில்லை. திறந்து பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

அண்ணி நெட்டையின் பக்கத்தில் போய், அவள் கையிலிருந்த துணியை மெல்ல வாங்கி ஓரமாக வைத்தாள். "கடைசியா எப்ப தலை சுத்துச்சு?" என்று கேட்டாள்.

"இன்னிக்கு," என்றாள் நெட்டை. "இறக்கத்துல வரும்போது."

பட்டியல் போய்ப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. அதில் முதல் பெயர் அவளுடையது.